நடுவில் நான்கு மணித்தியாலம்

எங்கள் ஒழுங்கையில் அவருக்குத் 'துண்டு டிக்கெட் அக்கா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒருநாள் படலையைத் தள்ளிக்கொண்டு, "எடி பிள்ளை, துண்டு டிக்கெட் வாறாள், நாயைக் கட்டு" என்று அவரே சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு எனக்கும் கூச்சம் விட்டுப்போயிற்று.

கொக்குவிலில் எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். தபால் கந்தோரில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. மகன் கனடாவில், மகள் லண்டனில். ஒரு வருடம் மகனிடம், அடுத்த வருடம் மகளிடம் என்று போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வருவார். இதில் என்ன அதிசயம், பாதிக் கொக்குவில் அப்படித்தானே பறந்து திரிகிறது என்று கேட்பீர்கள். மற்றவர்களுக்குக் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து போய்ச் சேரும் ஊர் வரைக்கும் ஒரே டிக்கெட். அக்காவுக்கு இரண்டு. வளைகுடாவில் விமானம் மாறும் இடம் வரைக்கும் ஒன்று, அங்கிருந்து மிச்சத் தூரத்துக்கு இன்னொன்று. ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது விமானக்காரனுக்கு என்ன வந்தது? அவன் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவான். டிக்கெட்டும் போச்சு, ஆளும் நடுவழியில்.

பெட்டிக்கும் அதே கதிதான். ஒரே டிக்கெட் என்றால் பெட்டியைக் கட்டுநாயக்காவில் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போகலாம். இரண்டு டிக்கெட் என்றால் நடுவில் வெளியே போய்ப் பெட்டியை எடுத்து, திரும்ப வந்து கொடுக்க வேண்டும். வெளியே போக அந்த நாட்டு விசா வேண்டும். எங்கள் பாஸ்போட்டைப் பார்த்ததும் யார் உடனே தூக்கித் தருகிறார்கள்? அதனால் அக்கா கைப்பையோடு மட்டும் போவார். ஏழு கிலோ, ஒரு இறாத்தல்கூட மேலே போகக்கூடாது. சுன்னாகம் சந்தையில் வெங்காயம் விற்கும் ஒன்றுவிட்ட தம்பியிடமிருந்து கொக்கியில் தொங்கவிட்டு நிறுக்கும் தராசு ஒன்று வாங்கி வைத்திருந்தார். பயணத்துக்கு முந்திய வாரம் முழுக்க அந்தப் பை மாமரக் கொப்பில் தொங்கும். அக்கா ஒரு சேலையை எடுப்பார், வைப்பார், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு முள்ளைப் பார்ப்பார்.

வெளிநாட்டுக்கு ஒருவர் போகிறார் என்றால் எங்கள் சனம் சும்மா விடுமா? ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி என்று படலையடியில் வந்து நிற்கும். "சின்னப் பாசல்தான் அக்கா" என்பார்கள். சின்னப் பாசல் என்று சொல்லி மூன்று கிலோ மிளகாய்த்தூள் கொண்டுவந்தவளை நானே கண்டிருக்கிறேன். அக்காவிடம் எல்லோருக்கும் ஒரே பதில்தான்.

"பெட்டி போகாது பிள்ளை. நான் போய்ச் சேருறதே பெரிய காரியம்."

ஆனால் தன் பிள்ளைகளுக்கென்று வரும்போது அவருக்கு ஒரு வழி இருந்தது. மருமகனின் பழைய குளிர்ச்சட்டை ஒன்று, உள்ளும் புறமும் ஆறு பைகள் உள்ளது. கட்டுநாயக்காவுக்கு வாடகை வான் ஏறும்போதே அதை மாட்டிக்கொள்வார். ஒவ்வொரு பையிலும் ஒவ்வொரு தூள். சித்திரை வெயிலில் எங்கள் ஒழுங்கையால் அந்தச் சட்டையோடு அவர் நடந்து போவதைப் பார்க்க வேண்டும்! எனக்கு வேர்க்கும்.

சரி, ஏன் இந்தத் துண்டு டிக்கெட்? கல்யாணமாகி எங்கள் பக்கம் புதிதாக வருகிற பெண்கள் எல்லோரும் என்னிடம்தான் கேட்பார்கள். நானும் அலுக்காமல் சொல்வேன்.

அக்காவின் கணவர் இறந்தபோது மகன்தான் முதலில் வந்து சேர்ந்தான். அந்தப் பதற்றத்தில் மரண அறிவித்தலை அவன்தான் எழுதிக் கொடுத்தான். எங்கள் அறிவித்தல்கள் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், சகோதரங்கள், சம்பந்திகள், அடைப்புக்குள் அவரவர் நாடு. எல்லாம் சரியாக இருந்தது. ஒரு பெயர் மட்டும் இல்லை. மகளின் கணவர் பெயர். அறிவித்தல் இணையத்தில் வந்த அரைமணித்தியாலத்தில் லண்டனில் உள்ள சொந்தம் முழுவதும் அதைப் படித்துவிட்டது. மகள் இங்கே வந்து இறங்கியபோது தகப்பனுக்கு அழுதாளா, அந்தப் பெயருக்கு அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை.

"மறந்துபோனன்" என்றான் மகன்.

"சம்பந்தியின்ரை தம்பி பேர் ஞாபகம் வந்தது, என்ரை மனிசன்ரை பேர் வரேல்லையோ?" என்றாள் மகள்.

தங்கச்சியின் கல்யாணத்துக்கு ஆதியில் குறுக்கே நின்றவன் அவன்தான். அதனால் மறதி என்பதை அவள் நம்பவில்லை. அடுத்த நாள் திருத்திய அறிவித்தல் வந்தது. வந்து என்ன? முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்து இருவரும் போனதோடு பேச்சு நின்றது. ரோசம் நிற்கவில்லை. அம்மாவின் பயணச் செலவில் ஆளுக்குப் பாதி என்று தகப்பன் படுக்கையில் கிடந்தபோது இருவரும் சொல்லியிருந்தார்கள். அந்தச் சொல்லை மீறினவர் என்ற பெயர் எடுக்க இருவருக்கும் விருப்பமில்லை. மற்றவரின் கையில் காசைக் கொடுக்கவும் விருப்பமில்லை. அதனால் ஆளுக்குப் பாதி வழிக்கு டிக்கெட் எடுத்தார்கள். அக்கா நடுவில் இறங்கி மாறினார்.

அக்காவுக்கு இருந்த ஒரே பயம் இதுதான்: ஒருமுறை தவறவிட்டால் போச்சு. "உன்ரை பிளேன் பிந்தினதாலைதான்" என்று இவள் சொல்வாள், "நீ நேரம் காணாத பிளேனிலை போட்டாய்" என்று அவன் சொல்வான், அதையும் நேரே சொல்லாமல் அவருக்கூடாகச் சொல்வார்கள். அதனால் அக்கா தவறவிட்டதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நான்கு மணித்தியாலம் இருக்க வேண்டும் என்று இரு பக்கத்துக்கும் சட்டம் போட்டிருந்தார். விமானத்தில் முன்வரிசையில் நடைபாதையோரம்தான் இருப்பார். தள்ளுகதிரை வேண்டாம் என்பார். "அதிலை இருந்தா அவங்கள் கொண்டுபோய் எங்கை விடுறாங்களோ அங்கைதான் கிடக்கோணும்." ஓடவும் மாட்டார். "ஓடுறவைக்கு ஒருத்தரும் வழி விடமாட்டினம் பிள்ளை. கிழவி ஒருத்தி மெல்ல நடந்தா எல்லாரும் விலகுவினம்."

ஒருமுறை பனிமூட்டத்தில் முதல் விமானம் மூன்றரை மணித்தியாலம் பிந்தி இறங்கியது. மிச்சம் அரைமணித்தியாலம். அக்கா மெல்ல நடந்துதான் போனாராம். விமானக் கம்பனிக் கருமபீடத்தில் நின்ற பெண்ணுக்கு முன்னால் இரண்டு டிக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "திஸ் இஸ் சன், திஸ் இஸ் டோட்டர், நோ டோக்கிங்" என்றாராம். அந்தப் பெண் இரண்டு தாளையும் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், தொலைபேசியை எடுத்து வாசல்காரரிடம் ஏதோ சொன்னாள். அவள் வீட்டிலும் இப்படி ஏதோ இருந்திருக்க வேண்டும். லண்டனில் மகள், "பிளேன் நேரத்துக்கு வந்ததோ அம்மா?" என்று கேட்டாள். "ஓமோம். உன்ரை அண்ணன் அருமையான பிளேனாப் பாத்து எடுத்திருக்கிறான்" என்றார் அக்கா. கனடாவுக்குப் போனால் இதே பொய்யை மறுபக்கம் திருப்பிச் சொல்வார்.

இதெல்லாம் எனக்குக் கேள்விச் செவியாகத்தான் தெரியும். கண்ணால் கண்டது ஒரே ஒருமுறை.

என் மகளுக்கு லண்டனில் முதல் பிள்ளைப்பேறு. நான் போக வேண்டும். கரவெட்டிக்குப் போய்வரவே இரண்டு நாள் யோசிக்கிற ஆள் நான். அக்காவும் அந்த மாதம் மகளிடம் போகிறார் என்று அறிந்ததும், அதே இரண்டு விமானங்களில் எனக்கு ஒரே டிக்கெட்டாக எடுத்துவிட்டாள் மகள். அக்கா போனது பேத்தி பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்தியச் சடங்குக்கு. அதில் தாய்மாமன் வந்து தேங்காய் உடைக்க வேண்டும். மாமன் கனடாவில் இருக்கிறான். அவனுக்குச் சொல்லவில்லை.

வளைகுடாவில் இறங்கினோம். நான் அக்காவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போகாத குறைதான். நேரே பயணிகள் சாப்பிட்டு இளைப்பாறும் லவுஞ்சுக்குக் கூட்டிப்போனார். அதற்கும் அவரிடம் இரண்டு அட்டை இருந்தது. மகள் ஒரு அட்டை எடுத்துக் கொடுத்தாள் என்று அறிந்து மகனும் ஒன்று அனுப்பியிருந்தான். போகும்போது ஒன்றைக் காட்டுவார், வரும்போது மற்றதை. கூட ஒரு ஆளையும் உள்ளே விடுவார்கள்.

உள்ளே அக்காவைப் பார்க்க வேண்டும்! தன் வீட்டுக் குசினிக்குள் நிற்பதுபோல நின்றார். எந்தச் சட்டிக்குள் மாடு, எதற்குள் மரக்கறி என்று மூடியைத் திறக்காமலே சொன்னார். தேத்தண்ணிக்கு ஐந்து சின்னப் பால் உடைத்து ஊற்றினார். கோப்பி மெசின் நிமிடத்துக்கு ஒருமுறை அலறும் மூலையில்தான் அவருடைய கதிரை; அங்கிருந்துதான் நேரப் பலகை தெரியும். இரண்டு டிக்கெட் தாளையும் எடுத்துத் தேத்தண்ணித் தட்டுக்குக் கீழே வைத்தார்.

"இஞ்சை இருக்கேக்கைதான் பிள்ளை எனக்கு நிம்மதி" என்றார். "அவன்ரை டிக்கெட் முடிஞ்சுது. அவளின்ரை இன்னும் தொடங்கேல்லை. நான் ஒருத்தற்றை கணக்கிலையும் இல்லை."

பிறகு மகளுக்குப் போன் எடுத்தார். "மாமன் இல்லாமல் என்ன சடங்கு? ஒரு வார்த்தை நீ சொல்லன்." எனக்கே கேட்டது பதில்: "அவர் முதல் கதைக்கட்டும்." அதை வைத்துவிட்டு மகனுக்கு எடுத்தார். "அவள் ஒரு வார்த்தை சொன்னா அடுத்த பிளேனிலை வாறன்" என்றான் அவன். அக்கா போனை மடியில் வைத்துக்கொண்டு நேரப் பலகையைப் பார்த்தார். எனக்கு இரண்டு பேருக்கும் நல்ல பேச்சுக் கொடுக்க வேண்டும்போல இருந்தது. அக்கா போனை நிறுத்திக் கைப்பைக்குள் அடியில் போட்டார். தட்டிலிருந்த தோடம்பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

பலகையில் எங்கள் விமானத்துக்கு நேரே பச்சை விளக்கு வந்தது.

"போவம் அக்கா."

"இரு. தோடம்பழம் சாப்பிடு."

பச்சை மினுங்கத் தொடங்கியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிறகு சிவப்பில் கடைசி அழைப்பு.

"அக்கா! உங்களுக்கு விசரோ? எழும்புங்கோ!"

"நீ போ பிள்ளை. உன்ரை மகள் பாத்துக்கொண்டிருப்பாள். நான் இந்த முறை தவறவிடப்போறன்."

அக்கா ஒரு சுளையைத் தும்பு தும்பாகச் சுத்தம் செய்துகொண்டே சொன்னார்:

"முப்பது வருசம் கந்தோரிலை இருந்தனான். போய்ச் சேர்ந்த காயிதத்தைப் பற்றி ஒருத்தரும் வந்து கேக்கிறேல்லை. வராத காயிதத்துக்குத்தான் எல்லாரும் வந்து நிப்பினம். ஆறு வருசமா நான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து சேர்ந்துதான் அவையள் கதைக்காமல் இருக்கினம்."

"அவையள் பயந்து சாகப்போகினம் அக்கா."

"கொஞ்சம் பயப்பிடட்டும். உன்னைக் கேட்டா, கடைசியா லவுஞ்சிலைதான் கண்டனான் எண்டு சொல்லு. அது பொய்யில்லைத்தானே. போ, கெதியாப் போ!"

நான் ஓடினேன். அக்கா சொன்னது சரி, ஒருத்தரும் வழி விடவில்லை. எனக்குப் பின்னால்தான் கதவைச் சாத்தினார்கள். பக்கத்துச் சீற் வெறுமையாக இருந்தது. ஏழு மணித்தியாலமும் நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. வயதுபோன மனிசியைத் தனியே விட்டுவிட்டு வந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டு இருந்தேன்.

லண்டனில் வெளியே வந்தால் என் மருமகன் ஒரு பக்கம், அக்காவின் மகளும் அவள் கணவரும் மறுபக்கம்.

"அம்மா எங்கை அன்ரி?"

"கடைசியா லவுஞ்சிலைதான் கண்டனான் பிள்ளை" என்றேன்.

அவள் தாய்க்குப் போன் எடுத்தாள். நிறுத்தியிருக்கிறது. திரும்பவும் எடுத்தாள். கருமபீடத்துக்கு ஓடினாள். ஆள் ஏறவில்லை என்று மட்டும்தான் அவர்களுக்குத் தெரிந்தது. வளைகுடாவில் வந்து இறங்கியது வேறு டிக்கெட்டில், அதை விசாரிக்க அந்த டிக்கெட்டின் இலக்கம் வேண்டும் என்றார்கள். அந்த இலக்கம் யாரிடம் இருக்கிறது? எடுத்தவனிடம். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். தமையனின் நம்பரை ஆறு வருடத்துக்கு முதலே அழித்துவிட்டாளாம்.

"என்னட்டை இருக்கு" என்றார் அவள் கணவர். அறிவித்தலில் பெயர் விடுபட்ட அதே மனிசன். தானே நம்பரை அழுத்திப் போனை அவள் கையில் வைத்தார்.

"அண்ணை" என்றாள். "அண்ணை, அம்மாவைக் காணேல்லை."

அந்தப் பக்கத்தில் அவன் என்ன சொன்னான் என்று எனக்குக் கேட்கவில்லை. இவள் அழுதுகொண்டே, "ஓம் அண்ணை, ஓம், சொல்லுங்கோ" என்று கார் நிறுத்திய துண்டின் பின்பக்கத்தில் இலக்கத்தை எழுதினாள். நானும் அழுதேன். மருமகன் எனக்குத் தண்ணீர் வாங்க ஓடினான். களைப்பு என்று நினைத்திருப்பான்.

அதற்குப் பிறகு இருவரும் போனை வைக்கவே இல்லையாம். அவன் அங்கிருந்து ஒரு கந்தோரைக் கூப்பிட, இவள் இங்கிருந்து இன்னொன்றைக் கூப்பிட, ஐந்து மணித்தியாலம் இப்படியே போயிருக்கிறது. அவ்வளவு நேரம் கழித்துத்தான் அக்கா போனைப் போட்டிருக்கிறார். நித்திரையாகிப் போனேன் என்று சொல்லியிருக்கிறார். "ரெண்டு பேரும் ஒரே நேரத்திலை என்னைப் பேசினவை பிள்ளை. என்ன ஏச்சு! காது குளிர்ந்து போச்சு" என்று பிறகு என்னிடம் சொல்லிச் சிரித்தார். புது டிக்கெட்டை யார் எடுப்பது என்று இரண்டு பேரும் சண்டை பிடித்ததையும் முழுதாகக் கேட்டுக்கொண்டு இருந்தாராம்.

சடங்குக்கு மாமன் வந்தான். தேங்காய் சரிபாதியாக உடையவில்லை. ஒரு பக்கம் பெரிது, ஒரு பக்கம் சிறிது. யாரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து அக்காவுக்கு ஒரே டிக்கெட். ஒழுங்கைக்குள் செய்தி பரவப் பத்து நிமிடம் போகவில்லை. "அக்காவுக்கு இப்ப பெட்டி போகுமாம்!" ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் படலையடியில் குவிந்தன. மாமரக் கொப்பு முறிகிற அளவுக்குப் பெட்டி தொங்கியது. அக்காவுக்கோ வேறு குறை. நடுவில் இப்போது ஒன்றரை மணித்தியாலம்தான், லவுஞ்சுக்குள் தலையை நீட்டவே நேரமில்லை. "பிள்ளையள் ஒற்றுமையானா இதுதான் கரைச்சல்" என்று புறுபுறுத்தார்.

அக்கா கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. நோயில் கனநாள் படுக்கவில்லை. மகன் கனடாவிலிருந்தும் மகள் லண்டனிலிருந்தும் வெளிக்கிட்டு, அதே வளைகுடாவில் சந்தித்து ஒன்றாக வருவதாக ஏற்பாடு. கோயிலில் கொடியேறிவிட்டால் பிரேதம் எடுக்க முடியாது; நடுவில் ஒருநாள் விட்டு, அதற்கு முதல் எடுத்துவிடலாம் என்று எல்லாம் கணக்குப் பார்த்து வைத்திருந்தோம். அக்காவின் பொடி விறாந்தையில் கிடக்கிறது. பார்த்தால் போன் வருகிறது: இரண்டு பேரும் அடுத்த நாள்தான் வருவார்களாம். தங்கச்சியின் விமானம் பனியில் பிந்திவிட்டது. தமையன் நேரத்துக்கு வந்தவன், தன் விமானத்தில் ஏறாமல் அவளுக்காக அங்கேயே இருந்துவிட்டான்.

ஊர்ப் பெரியவர் ஒருவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கொள்ளி வைக்கிறவன் நேரத்துக்கு வந்து நிண்டவனெல்லோ? அவன் ஏறி வந்தாக் காணுமே! தங்கச்சிக்காகத் தாயைக் காக்க வைக்கிறதோ?"

"அவ காத்திருப்பா" என்றேன். "நடுவிலை இருந்து பழகினவ." அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை வாடகை வானிலிருந்து இருவரும் ஒன்றாக இறங்கினார்கள். அழுது, விழுந்து, ஓய்ந்த பிறகு மகன் எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தான். தங்கச்சி அவன் தோளில் சாய்ந்திருந்தாள்.

"அன்ரி, அந்த லவுஞ்சிலை இவளுக்காக அஞ்சு மணித்தியாலம் இருந்தனான்" என்றான். "அந்தக் கோப்பி மெசின் போடுற சத்தத்துக்கை ஒருத்தரும் நித்திரை கொள்ளேலாது." தாயின் முகத்தைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அம்மா அண்டைக்கு நித்திரையாப் போகேல்லை, என்ன?"

இத்தனை வருடமாக ஒருவருக்கும் வாய் திறக்காதவள் நான். அக்கா அங்கேதான் படுத்திருந்தார், காதில் விழும் தூரத்தில்.

"கடைசியா லவுஞ்சிலைதான் கண்டனான் தம்பி" என்றேன்.

முதலில் அவன்தான் சிரித்தான். பிறகு கண்ணீரோடு அவளும். சிரிப்பை அடக்க இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அடங்கவில்லை. செத்த வீட்டில், தாயின் தலைமாட்டில், பெற்ற பிள்ளைகள் இரண்டும் சிரித்ததுகள் என்று அந்தப் பெரியவர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.